ஒரே பூ... ஒன்பது மாதம்! உங்களுக்குத் தெரியுமா?

சாயங்காலம் மலர்ந்த மல்லிகை மறுநாள் காலையில் துவண்டுவிடும். செம்பருத்திக்கு ஒரு பகல்தான் ஆயுள். ரோஜாவை எவ்வளவு தாங்கினாலும் ஒரு வாரம். ஆனால் ஒரே பூ, அதே பூ, 9 மாதம் வரை வாடாமல் நிற்கும் செடி ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?

பெயர் டென்ட்ரோபியம் கத்பர்ட்சோனி. ஊர், நியூ கினி தீவின் மேகம் மூடிய மலைகள். குடும்பம், ஆர்க்கிட்!

ஒரு குழந்தை கருவாகி, வளர்ந்து, பிறந்து, முதல் அழுகையை அழும்வரை ஒரே ஒரு பூ காத்திருக்கும். நினைத்துப் பாருங்கள்!

செடி பெரிதாக இருக்குமோ என்று நினைத்தீர்களா? உயரம் வெறும் 5 சென்டிமீட்டர் அளவுதான். ஒரு தீக்குச்சி அளவு! அதன்மேல் பூக்கும் பூவோ 3 முதல் 4 சென்டிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய பூ. பூத்துவிட்டால் செடி எங்கே என்று தேட வேண்டும்!

நிறம்? ரத்தச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ரோஜா நிறம், ஊதா, வெள்ளை. போதாதென்று ஒரே பூவில் இரண்டு நிறம் கலந்ததும் உண்டு. இத்தனையும் வேறு வேறு இனங்கள் அல்ல. எல்லாம் ஒரே இனம்!

கையில் ஒரு லென்ஸ் இருந்தால் பூவை விடுங்கள், முதலில் இலையைப் பாருங்கள். இலை முழுக்கக் குட்டிக் குட்டிக் கொப்புளங்கள்! கரும்பச்சைத் துணியில் கண்ணாடி மணி கோத்துத் தைத்ததுபோல வரிசை வரிசையாக நிற்கும். வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மின்னும். பூக்காத நாளிலும் இந்தச் செடியை அடையாளம் காட்டிக் கொடுப்பது அந்த மணி இலைதான்!

பூவின் நடுவே ஒரு சின்ன உதடு. அதன் நுனியில் மட்டும் மை தொட்டு வைத்ததுபோலக் கறுப்புச் சாயல். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரியே இருக்கும். எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்!

சிவப்புப் பூ யாருக்காகச் சிவக்கிறது தெரியுமா? தேனீக்குச் சிவப்பு நிறம் தெரியாது. பறவைக்குத் தெரியும்! குளிரும் ஈரமுமான மலை உச்சியில் பூச்சிகள் குறைவு. சிறகடித்து வரும் தேன்குடிப் பறவைகளே அங்கே தூதர்கள்.

டென்ட்ரோபியம் என்ற கிரேக்கப் பெயருக்கு என்ன அர்த்தம்? 'மரத்தில் வாழ்வது'! 1799-ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் வைத்த பெயர். இன்று அந்தப் பேரினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள்!

மரத்தில் வாழ்ந்தாலும் மரத்தை உறிஞ்சாது. ஒரு சொட்டுச் சாறுகூடத் திருடாது! மரம் அதற்கு ஒரு திண்ணை, அவ்வளவுதான்.

மரம் இல்லாவிட்டால்? பாசி படிந்த பாறை போதும். மண் சரிந்த மேடு போதும். சாலை போடுவதற்காக மலையை வெட்டிய சரிவில்கூட ஒட்டிக்கொண்டு சிவப்பாகப் பூத்து நிற்கும்!

இப்போது அதன் சொந்த ஊருக்குப் போவோம். நியூ கினி, உலகின் இரண்டாவது பெரிய தீவு. முதலிடம் கிரீன்லாந்துக்கு. மேற்குப் பாதி இந்தோனேசியா, கிழக்குப் பாதி பப்புவா நியூ கினி. பப்புவா நியூ கினி நாட்டில் மட்டும் பேசப்படும் மொழிகள் 800-க்கும் மேல்!

2020-ல் 99 தாவரவியலாளர்கள் சேர்ந்து அந்தத் தீவின் செடி கொடிகளைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். எத்தனை இனங்கள் தெரியுமா? 13,634! உலகத்தில் வேறு எந்தத் தீவிலும் இத்தனை இல்லை. மூன்றில் இரண்டு பங்கு, அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் வளராதவை. ஆர்க்கிட் மட்டுமே 2,800-ஐத் தாண்டுகிறது!

அட, இதையும் கேளுங்கள். பொங்கலுக்கு நாம் கடித்துத் தின்னும் கரும்பு இருக்கிறதே, அதன் பூர்வீகமும் இதே நியூ கினிதான்! பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவின் மக்கள் வளர்த்தெடுத்த பயிர் அது. கரும்பு நம் ஊர் வரை வந்துவிட்டது. இந்த ஆர்க்கிட் மட்டும் மலையைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது!

ஏன் இறங்காது? குளிர் பழகிய உடம்பு! பெரும்பாலும் 2,000 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டரையும் தாண்டி வளர்கிறது. நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். அதற்கும் மேலே போய்க் குடிசை போட்ட செடி!

கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் வியர்வை கொட்டும் வெப்பமண்டலம். உச்சியில் கம்பளி தேடும் குளிர். இரண்டும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே!

அங்கே கோடைக்காலம் கிடையாது. குளிர்காலமும் கிடையாது. வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், இரவும் 12 மணி நேரம். ஜனவரிக்கும் ஜூலைக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிட மத்தியானத்துக்கும் நள்ளிரவுக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது!

மழை பெய்யாத நாளில் தண்ணீருக்கு என்ன செய்யும்? மேகத்தைக் குடிக்கும்! மதியம் ஆனதும் மலையில் மேகம் வந்து உட்காரும். மரக்கிளை முழுக்கப் படர்ந்த பாசி அந்த ஈரத்தைச் சீப்பால் வாரியதுபோல வாரி எடுத்துக்கொள்ளும். ஆர்க்கிட்டின் வேர் அந்தப் பாசிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

வேருக்குச் சட்டை உண்டு, தெரியுமா? ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை இருக்கும். அது செத்துப்போன செல்களால் ஆன பஞ்சு! வேர் காய்ந்திருந்தால் வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் உறை நனைந்து, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். தாகமா இல்லையா என்று வேரே நிறம் மாறிச் சொல்லிவிடும்!

சரி, 'கத்பர்ட்சோனி' யார்? 1887-ல் நியூ கினியின் ஓப்ரீ மலைக்குப் போன பயணக் குழுவின் தலைவர் கத்பர்ட்சன். மறு வருடமே, 1888-ல், ஆஸ்திரேலியாவின் பெரிய தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர் அந்தக் குட்டிச் செடிக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டார். மலை ஏறியதற்கு இப்படி ஒரு பரிசு!

இதே செடிக்கு இன்னொரு பெயரும் இருந்தது. ஜெர்மானியர் ருடால்ஃப் ஷ்லெக்டர், பிரேசில் மலையில் வளரும் சோஃப்ரோனைட்டிஸ் என்ற சிவப்பு ஆர்க்கிட்டின் சாயல் இருக்கிறதென்று 'டென்ட்ரோபியம் சோஃப்ரோனைட்டஸ்' என்று வைத்தார். ஆனால் தாவரவியலில் முந்தியவருக்கே முதல் மரியாதை. 1888 ஜெயித்தது! இன்னமும் சில பழைய ஆர்க்கிட் பிரியர்களின் வாயில் சோஃப்ரோனைட்டஸ்தான் வரும்.

அந்த ஷ்லெக்டர் லேசுப்பட்ட ஆளா? நியூ கினியிலிருந்து மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட புதிய ஆர்க்கிட் இனங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஒரே மனிதர்!

அவர் பாடுபட்டுச் சேர்த்த உலர் செடிகள் பெர்லின் தாவரக் கூடத்தில் பத்திரமாக இருந்தன. 1943 மார்ச் மாதம் குண்டு விழுந்தது. ஒரே ராத்திரியில் பெரும்பகுதி சாம்பல்! அவர் 1925-லேயே காலமாகிவிட்டார். அந்தக் கொடுமையைப் பார்க்க அவர் இல்லை.

இதைவிட மனசு பதறும் கணக்கு ஒன்று. 1891-ல் ஆல்பர்ட் மில்லிகன் என்ற ஆர்க்கிட் வேட்டைக்காரர் தன் பயண நூலில் எழுதி வைத்தது. கொலம்பியா மலையில் இரண்டு மாத வேலை. கிடைத்த ஆர்க்கிட் சுமார் 10,000. அதற்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் சுமார் 4,000!

அப்படிக் கப்பலேறி இங்கிலாந்து போன மலை ஆர்க்கிட்கள் என்ன ஆயின? பெரும்பாலும் செத்தன. காரணம், அன்பு! வெப்பமண்டலச் செடி என்றால் வெப்பம்தானே வேண்டும் என்று கண்ணாடி வீட்டுக்குள் வைத்து, ஜன்னலை அடைத்து, அனல் மூட்டி, ஆவி பிடிக்க வைத்தார்கள். மேகத்தில் பிறந்த செடி இட்லிப் பானையில் வெந்தது!

கதவைத் திறந்துவிடுங்கள், காற்று வரட்டும், சூட்டைக் குறையுங்கள் என்று 1830-களில் செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜோசப் பாக்ஸ்டன், சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டக்காரர். செடிகள் பிழைத்தன! பின்னாளில் 1851-ல் லண்டன் கண்காட்சிக்குக் கிறிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவரும் அதே தோட்டக்காரர்தான்!

இப்போது வளர்க்கும் ரகசியத்துக்கு வருகிறேன். இந்தச் செடிக்கு உரம் முக்கியமல்ல, தொட்டி முக்கியமல்ல. ராத்திரி முக்கியம்!

பகலில் 20 முதல் 24 டிகிரி. இரவில் 10 முதல் 13 டிகிரி. இதுதான் அது கேட்கும் வாடகை வீடு. ஒரு மதியம் சூடு கூடினால் பொறுத்துக்கொள்ளும். ராத்திரியும் புழுங்கினால் பொறுக்காது. இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிரும்!

பூ 9 மாதம் நிற்பதும் குளிரில்தான். அதே செடியைச் சூட்டில் வையுங்கள், பூவின் ஆயுள் மளமளவென்று குறையும். குளிர்ச்சிதான் அதன் அமுதம்!

வெயில் ஊர்க்காரர்கள் சும்மா விட்டார்களா? ஒயின் பாட்டில் வைக்கும் குளிர்ப்பெட்டியை வாங்கி, உள்ளே எல்.இ.டி. விளக்கும் சின்ன மின்விசிறியும் பொருத்தி, ஆர்க்கிட் வளர்க்கிறார்கள். பாட்டில் இருக்க வேண்டிய தட்டில் பூ!

அமெரிக்காவில் இந்த மலைவாசிகளுக்கு எந்த ஊர் மிகப் பிடிக்கும் தெரியுமா? சான் பிரான்சிஸ்கோ! கோடையிலும் கடல் மூடுபனி ஊருக்குள் வந்துவிடும். அங்கே 1879-ல் திறந்த கன்சர்வேட்டரி ஆஃப் ஃபிளவர்ஸ் என்ற கண்ணாடி மாளிகையில் உயர்மலை ஆர்க்கிட்களுக்கென்றே ஒரு பெரிய சேகரிப்பு இருக்கிறது.

காற்றில் ஈரம் எவ்வளவு வேண்டும்? 70 முதல் 90 சதவீதம்! ஆனால் ஈரத்தைப் பிடித்து அடைத்து வைத்தால் அழுகல் வந்துவிடும். காற்று அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் சுற்றும் குட்டி ஃபேன் ஒன்று போதும். ராத்திரியும் நிறுத்தாதீர்கள்!

தண்ணீர் விஷயத்தில் இது ராஜ வம்சம். மழைத்தண்ணீர் என்றால் கொண்டாட்டம். ஆர்.ஓ. தண்ணீரும் சரி. பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியவிடும் போர்வெல் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். வேர் நுனி கருகும்!

பல ஆர்க்கிட்களுக்கு 'நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் விடு' என்பார்கள். இதற்கு அந்தப் பேச்சே கிடையாது. வருடத்தின் 365 நாளும் வேரில் ஈரம் இருக்க வேண்டும்! சொதசொதப்பு அல்ல, பிழிந்த துணியின் ஈரம்.

அந்த ஈரத்தைக் காப்பது யார்? ஸ்பாக்னம் பாசி! காய்ந்திருக்கும்போது காற்றில் பறக்கும் சருகு. நனைத்தால் தன் எடையைப்போல 20 மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்!

இந்தப் பாசியின் கதையே தனி. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தது. காயம்பட்ட வீரர்களுக்குக் கட்டுப் போட இதே ஸ்பாக்னம் பாசியைத்தான் பயன்படுத்தினார்கள். ரத்தத்தை உறிஞ்சும், கிருமியும் எளிதில் வளராது. அன்று புண்ணுக்கு மருந்து, இன்று பூவுக்குப் படுக்கை! ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் விரும்பி வாங்குவது நியூசிலாந்துப் பாசியையும் சிலிப் பாசியையும்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? டீக்கடைக் கண்ணாடி டம்ளர் அளவுகூட அதிகம்! 5 சென்டிமீட்டர் தொட்டியிலேயே பல வருடம் இருக்கும். மரப்பெரணிக் கட்டையில் கொஞ்சம் பாசி வைத்துக் கட்டித் தொங்கவிட்டாலும் சந்தோஷம்.

இதற்குப் பிடிக்காத விருந்தாளி யார்? அடிக்கடி தொட்டி மாற்றுபவர்! வேரைக் கலைத்தால் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் வளராமல் நிற்கும். பாசி மட்கினால் மட்டும், புது வேர் கிளம்பும் நேரம் பார்த்து, பழைய கட்டியை உடைக்காமல் மெதுவாக இடம் மாற்றுங்கள்.

உரம் போட ஆசையா? டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் நாலில் ஒரு பங்கு! அதற்கு மேல் வேண்டாம். மேகத்திலும் பாசியிலும் இருப்பதை வைத்தே வாழ்ந்து பழகிய செடி இது. அதற்குப் பந்தி பரிமாறினால் தாங்காது.

எதிரி யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். நத்தை! அதிலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன நத்தை. பகல் முழுக்கப் பாசிக்குள் பதுங்கிக் கிடக்கும். ராத்திரி வெளியே வந்து மொட்டின் நுனியைக் கொறித்துத் தின்னும். நீங்கள் ஒன்பது மாதம் பார்க்க வேண்டிய பூவை ஒரே ராத்திரியில் முடித்துவிடும்!

பிடிப்பது எப்படி? இருட்டியதும் ஒரு துண்டு வெள்ளரிக்காயைத் தொட்டியில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் துண்டின் அடியில்!

பூத்த ஆர்க்கிட்டைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏன் தெரியுமா? வாழைப்பழம்! பழுக்கும் பழத்திலிருந்து எத்திலின் என்ற வாயு கிளம்பும். ஆர்க்கிட் பூக்களை வாட வைக்க அது கொஞ்சம் இருந்தாலே போதும். பூவுக்கும் பழத்துக்கும் ஒரே அறை ஆகாது!

இன்னொரு விசித்திரம். மகரந்தம் சேர்ந்துவிட்டால் ஆர்க்கிட் பூ சில நாளிலேயே சுருங்கத் தொடங்கும்! வேலை முடிந்தது, கடையை மூடு என்ற கணக்கு. அப்படியானால் மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும் பூ என்ன செய்கிறது? பறவை வரும் வரை வாசலில் விளக்கேற்றிக் காத்துக்கொண்டே இருக்கிறது!

ஆர்க்கிட் மகரந்தம் பொடியாகக் கொட்டாது. உருண்டையாக ஒட்டிக்கொண்டு இருக்கும். டென்ட்ரோபியத்தில் 4 உருண்டை. வீட்டில் பறவை இல்லையே என்ற கவலை வேண்டாம். பல் குத்தும் குச்சி போதும். ஒரு பூவிலிருந்து தொட்டெடுத்து இன்னொரு பூவில் வைத்தால், நீங்கள்தான் தேன்சிட்டு!

காய் வெடித்தால் உள்ளே விதை இருக்காது, தூசி இருக்கும். அந்தத் தூசிதான் விதை! உலகிலேயே மிகச் சின்ன விதைகள் ஆர்க்கிட் குடும்பத்தில்தான். பல இனங்களில் ஒரு கிராமுக்கு பத்து லட்சம் விதை வரும்!

இத்தனை விதை இருந்தும் ஏன் காடெல்லாம் ஆர்க்கிட் இல்லை? விதைக்குள் கட்டுச்சோறு இல்லை! நெல்லுக்குள் மாவு இருக்கிறது, கடலைக்குள் எண்ணெய் இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அப்படிச் சேமிப்பு எதுவும் கிடையாது. விழுந்த இடத்தில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டிவிட்டால்தான் முளைக்கும்.

இந்த ரகசியத்தை 1899-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸின் நோயல் பெர்னார். அப்போது அவருக்கு 25 வயது. உயிரோடு இருந்தது 36 வயது வரைதான்!

1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் அதையும் தாண்டினார். பூஞ்சையே வேண்டாம், கண்ணாடிப் புட்டியில் அகார் கூழும் சர்க்கரையும் போதும் என்று முளைக்க வைத்துக் காட்டினார். காட்டில் லட்சத்தில் ஒன்று பிழைக்கும் இடத்தில் புட்டிக்குள் ஆயிரக்கணக்கில் நாற்று! இன்று நர்சரிகளில் விற்கும் கத்பர்ட்சோனி பெரும்பாலும் அப்படிப் புட்டியில் பிறந்ததுதான்.

அதன் சொந்தக்காரர்களையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம். டென்ட்ரோபியம் வெக்ஸிலேரியஸ், அதே மலை, அதே குட்டி உருவம். சிவப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. கூடவே பூக்களில் அபூர்வமான நீலம் கலந்த பச்சை நிறமும் உண்டு!

மீடியோகால்கார் டெகோராட்டம். பெயர்தான் நீளம். பூ ஒரு குன்றிமணி அளவு! ஆரஞ்சு நிறக் குட்டி மணி, நுனியில் மட்டும் மஞ்சள். பாய் விரித்ததுபோலப் படர்ந்து, ஒரே நேரத்தில் நூறு மணி கட்டித் தொங்கவிடும். முதன்முதலாக மலை ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதில் தொடங்கலாம். கத்பர்ட்சோனியைவிடப் பொறுமைசாலி!

ஹிபிகி என்ற கலப்பின ரகம் தெரியுமா? தாழ்நிலத்து டென்ட்ரோபியம் பிராக்டியோசமும் மலைநாட்டு டென்ட்ரோபியம் லேவிஃபோலியமும் ஜோடி சேர்ந்ததில் பிறந்த குழந்தை. அம்மா வழியில் சூடு தாங்கும், அப்பா வழியில் குள்ளமாகவே இருக்கும், பூ மாதக்கணக்கில் நிற்கும். குளிர்ப்பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு இதுவே வரம்!

கடல் தாண்டி ஈக்வடாருக்குப் போனால் அங்கே மேகக் காட்டில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கும். டிராகுலா சிமியா! பூவின் நடுவில் அச்சு அசல் குரங்கு முகம். இதன் பூங்காம்பு மேலே போகாது, கீழ்நோக்கித் துளைத்துக்கொண்டு இறங்கும். தொட்டியில் நட்டால் பூ மண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கம்பிக் கூடையில்தான் வளர்க்க வேண்டும். கூடையின் அடியில் குரங்கு எட்டிப் பார்க்கும்!

உலகில் ஆர்க்கிட் இனங்கள் சுமார் 28,000. ஒட்டுமொத்தக் குடும்பமும் 'சைட்ஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. 1975 முதல் அமலில் இருக்கும் அந்த ஒப்பந்தத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில் 70 சதவீதத்துக்கும் மேல் ஆர்க்கிட்கள்தான்!

காட்டுச் செடியை அனுமதி இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனால் குற்றம். ஆனால் கிருமி நீக்கிய புட்டிக்குள் முளைத்த நாற்றுக்கு அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் விலக்கு கொடுத்திருக்கிறது. செடிக்கான மற்ற இறக்குமதிச் சான்றுகள் தனி. வாங்கும்முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது புட்டியில் பிறந்ததா, காட்டில் பறித்ததா?" பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

வாங்கிவிட்டீர்களா? முதல் வேலையாகச் செடிக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் அதைப் பாருங்கள். 13-க்குக் கீழே காட்டினால் உங்கள் செடி நன்றாகத் தூங்கியிருக்கிறது. முதல் மொட்டு விரியும் நாளை மறக்காமல் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தப் பூ உதிர்வதற்குள் நீங்கள் ஒன்பது தாள் கிழிக்க வேண்டியிருக்கும்!